டிரம் பளபளக்கிறது, துணி நாறுகிறது: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

சென்ற முறை மெஷின் ஆட்டம் போடுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: வாடை. அதனால் இந்த முறை முழுக்க வாஷிங் மெஷின் சுத்தம்தான். நான் ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சுமாக மெஷினின் பின்பக்கம் படுத்து வேலை பார்க்கிறவன். பிரித்துப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: எங்களுடையது ஃப்ரண்ட் லோடு மெஷின். கொஞ்ச காலமாகக் கதவைத் திறந்தாலே முடை நாற்றம். டிரம்மை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், அழுக்கே ஒட்டவில்லை. வாசனைப் பொடி, வாசனைத் திரவம் எல்லாம் போட்டாயிற்று. இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான். நாற்றம் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் துடைத்த இடத்தில் அழுக்கு இருக்காதுங்க. துணி உரசி உரசி அதுவே துலங்கிவிடும். நாற்றம் வருவது உங்கள் கைக்கு எட்டாத இடத்திலிருந்து.

ஃப்ரண்ட் லோடில் நீங்கள் பார்க்கிற ஓட்டை ஓட்டையான ஸ்டீல் டிரம், இன்னொரு பெரிய டப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. பாத்திரத்துக்குள் பாத்திரம் மாதிரி. தண்ணீரைப் பிடித்து வைப்பது வெளி டப்தான். அது பெரும்பாலும் பிளாஸ்டிக். துணியைப் பிழியும்போது டிரம் வேகமாகச் சுற்றும். அப்போது சோப்பு, நூல் துகள், உடம்பு எண்ணெய் எல்லாம் ஓட்டைகள் வழியாகச் சிதறி அந்த டப்பின் உள்சுவரில் போய் ஒட்டும். ஃப்ரண்ட் லோடு குறைந்த தண்ணீரில் ஓடுகிற மெஷின். அடியில்தான் தண்ணீர் நிற்கும். டப்பின் மேல்பாதியில் ஒட்டியதை அலசிவிட ஆளில்லை. நாள்பட அது சாம்பல் நிறத்தில், தொட்டால் வழுக்குகிற படலமாகிவிடும். பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியிருப்பது அங்கேதான். உள்ளே எந்நேரமும் ஈரம், இருட்டு, சாப்பிடச் சோப்பு. அதற்கு வேறென்ன வேண்டும்?

டப்பைப் பிரிக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். இனிமேல் சோப்பைக் குறையுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

சரி, பிரிக்காமல் என்ன செய்யலாம்? நான் சொல்கிற வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர். அதன் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், குறிப்பாக அடிப்பக்கம். முடி, நூல், சில்லறைக் காசு, கறுப்புச் சேறு என்று ஒரு புதையலே கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் மடிப்புக்குள் முழுச் சுற்றும் துடைத்துவிடுங்கள். அந்த மடிப்பின் அடியில் சிறு சிறு துளைகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்காக. அவை அடைத்திருந்தால் ரப்பருக்குள் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்து சோப்பு டிரே. இது வெளியே வராது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான மெஷின்களில் உள்ளே ஒரு தாழ் இருக்கும், அதை அழுத்தி இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். கண்டிஷனர் ஊற்றுகிற அறையின் மூடியைக் கழற்றினால் அடியில் கொழகொழவென்று இருக்கும். டிரேயை எடுத்த பொந்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சுகிற மேற்கூரையில் பூஞ்சணம் கறுப்பாகப் பூத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

மூன்றாவது, மெஷினின் முன்பக்கம் அடியில் சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கிற டிரெயின் ஃபில்டர். மெஷின் வாங்கியதிலிருந்து அதைத் திறந்தே பார்க்காத வீடுகள் ஏராளம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு தட்டையும் பழைய துண்டையும் கீழே வைத்துக்கொண்டு, மெதுவாகத் திருகுங்கள். பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதன் வழியாக முதலில் தண்ணீரை வடித்துவிடலாம். சுடுநீரில் துவைத்த கையோடு மட்டும் திறக்கவே கூடாது, கை வெந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் வெந்நீர். துணி எதுவும் போடாமல், உங்கள் மெஷினில் இருக்கிற அதிகபட்சச் சூட்டில், 90 டிகிரி இருந்தால் 90, இல்லையென்றால் 60, நீளமான புரோகிராமாகப் பார்த்து ஓட்டுங்கள். 'டப் க்ளீன்' என்று தனியாக இருந்தால் அதையே வையுங்கள். டிரம்முக்குள் நேரடியாக மெஷின் க்ளீனர் தூளைப் போடலாம். அல்லது சோடியம் பெர்கார்பனேட் என்று விற்கிற ஆக்சிஜன் ப்ளீச் தூளை 100 கிராம் அளவில் போடலாம். கடையில் கிடைக்கிற க்ளீனர் தூள்கள் பலவற்றில் முக்கியச் சரக்கே இதுதான். தண்ணீரில் கரைந்ததும் இது வாஷிங் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். பெராக்சைடு அந்தப் படலத்தை அரித்து எடுக்கும். பச்சைத் தண்ணீரில் அது மந்தமாகத்தான் வேலை செய்யும் என்பதால்தான் சூடு, சூடு என்று அடித்துக்கொள்கிறேன்.

ஓட்டி முடித்ததும் ஃபில்டரை மறுபடியும் பாருங்கள். பெயர்ந்து வந்ததெல்லாம் அங்கே நிற்கும். ஆறிய பிறகு, மறக்காதீர்கள். நெடுநாள் சேர்ந்த அழுக்கென்றால் ஒரே ஓட்டத்தில் போகாது, இன்னொரு முறை ஓட்ட வேண்டிவரும். அதன்பின் மாதம் ஒரு முறை போதும்.

வாசனைத் திரவத்தை இனி வாங்காதீர்கள். அது நாற்றத்தை மறைக்கும், கூடவே அந்தப் படலத்துக்கு இன்னும் கொஞ்சம் தீனியும் போடும்.

கேள்வி: வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகப் போட்டால் மெஷின் புதுசாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பொங்கிக்கொண்டு வருவதைப் பார்க்க நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. செய்யலாமா?

பார்க்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று அமிலம், இன்னொன்று காரம். சேர்ந்தவுடன் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். அதை வைத்து எந்தப் படலமும் பெயராது.

தனித்தனியாகப் போட்டால்? சமையல் சோடாவால் ரப்பர் மடிப்பைத் தேய்க்கலாம், கீறல் விழாது, அந்த அளவுக்கு நல்லது. வினிகர் உப்புப் படிவைக் கொஞ்சம் கரைக்கும். ஆனால் மாதாமாதம் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் பாகங்களுக்கு நல்லதில்லை என்று பல கம்பெனிகள் தங்கள் கையேட்டிலேயே வேண்டாம் என்கின்றன. நானும் அந்தக் கட்சிதான்.

கேள்வி: டாப் லோடு மெஷின். துவைத்து எடுத்த வெள்ளைச் சட்டைகளில் கறுப்பாகச் சின்னச் சின்னத் துணுக்குகள். மெஷின் க்ளீனர் போட்டு ஓட்டினேன், அதற்குப் பிறகு துணுக்கு இன்னும் அதிகமாகிவிட்டது! க்ளீனர் மெஷினைக் கெடுத்துவிட்டதா?

கெடுக்கவில்லை, வேலையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. டப்புக்கும் டிரம்முக்கும் இடையில் இறுகிக் கிடந்த படலம் இப்போது இளகியிருக்கிறது. முழுசாக வெளியே போகும்வரை துணுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். இந்த நேரத்தில் நிறுத்தாதீர்கள், வெள்ளைத் துணியும் போடாதீர்கள்.

டாப் லோடில் ஒரு வசதி உண்டு, முழு டப்பையும் தண்ணீரால் நிரப்பி ஊறவைக்கலாம். ஒரு சிக்கலும் உண்டு: பல மாடல்களில் ஹீட்டர் கிடையாது. உங்களுடையது அப்படி என்றால் வெந்நீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றுங்கள். கை பொறுக்காத சூடு போதும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்கள் நெளிந்துவிடலாம். ஆக்சிஜன் ப்ளீச் தூளை ஒரு வாளி வெந்நீரில் முதலில் கரைத்து ஊற்றுங்கள். கரைத்ததைப் பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி வைக்க வேண்டாம்; அதிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். தண்ணீர் மட்டத்தை அதிகபட்சத்தில் வைத்து, சில நிமிடம் சுற்றவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் ஊறட்டும். திறந்து பார்த்தால் கறுப்புத் துணுக்குகள் மிதக்கும். வடிப்பதற்கு முன் ஒரு வலைக்கரண்டியால் அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே போய் பம்ப்பில் அடைக்கும். அலசி, மறுபடியும். தண்ணீர் தெளிவாக வரும்வரை.

டிரம்மின் பக்கச் சுவரில் இருக்கிற வலைப் பையையும் கழற்றிக் கழுவுங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள், கிழிந்த வலை இருந்தும் இல்லாததும் ஒன்று. அடியில் சுற்றுகிற தட்டு இருக்கிறதே, பல்சேட்டர், அதன் நடுவில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் கோலத்தைப் பார்த்து மலைத்துவிடுவீர்கள். பழக்கம் உள்ளவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தாங்களே செய்யலாம். திருகு துருப்பிடித்து இறுகியிருந்தால் மல்லுக்கட்டாதீர்கள், தலை தேய்ந்துவிட்டால் அப்புறம் எனக்கே கஷ்டம்.

துணுக்கு கறுப்பாக இல்லாமல் வெள்ளையாக இருந்தால் அது வேறு கதை, பெரும்பாலும் கரையாத சலவைத் தூள். பழுப்பாக இருந்தால் தண்ணீரில் வருகிற இரும்புத் துருவைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: சோப்புத் தூள் நிறையப் போட்டால்தான் அழுக்குப் போகும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. பாதி போதும் என்பது என் கட்சி. இந்த வழக்கில் நீங்கள்தான் நீதிபதி.

தீர்ப்பு உங்கள் பக்கம்தான் அம்மா. ஆனால் அவரை நம்பவைக்க ஒரு சோதனை சொல்கிறேன், அதுவும் ஃப்ரண்ட் லோடாக இருந்தால் ரொம்ப எளிது. துவைத்த, காய்ந்த துண்டுகள் நாலைந்தை மெஷினில் போட்டு, சோப்பே போடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் ஓடவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். நுரை பொங்கினால் அது இதுவரை போட்டதில் அலசப்படாமல் துணியிலும் டப்பிலும் தங்கிய சோப்பு. காசு கொடுத்து வாங்கி, துணியிலேயே சேமித்து வைத்திருக்கிறீர்கள்.

நுரை அதிகமானால் துணி துணியோடு உரசி அழுக்குப் போவது குறையும், மெத்தைமேல் விழுகிற மாதிரி விழும். சில மெஷின்கள் நுரையைக் கண்டதும் தாங்களாகவே கூடுதலாக அலசும், நேரமும் தண்ணீரும் வீண். ஃப்ரண்ட் லோடுக்கு அதற்கென்று உள்ள குறைந்த நுரைத் தூளைத்தான் போட வேண்டும். பாத்திரம் துலக்குகிற திரவத்தை ஊற்றிவிட்டு, நுரை தரையெல்லாம் ஓடுகிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

அளவு? பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில் ஆரம்பித்து, அழுக்கு குறைவான துணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் ரொம்பக் குறைக்க முடியாது. கண்டிஷனர் விஷயத்தில் நான் இன்னும் கறார். சோப்பும் கண்டிஷனரும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை, சந்தித்தால் கரையாத பிசுக்காகிவிடும். டிரேயில் நீங்கள் பார்க்கிற கொழகொழப்பில் அதற்கும் பங்கு உண்டு. துண்டுக்கு அது வேண்டவே வேண்டாம், தண்ணீரை உறிஞ்சாது.

கேள்வி: ரப்பரில் கறுப்புப் புள்ளிகள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ப்ளீச் ஊற்றலாமா?

பூஞ்சணம் ரப்பருக்குள்ளேயே இறங்கிவிட்டால் கறை போகாது. கறை இருக்கிறது என்பதற்காக நாற்றமும் இருக்கும் என்றில்லை. வழுவழுப்பு இல்லாமல் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கிழிந்திருந்தால் ரப்பரையே மாற்றலாம்.

குளோரின் ப்ளீச்சைக் கையேடு அனுமதித்தால் மட்டும், தண்ணீரில் நன்றாகக் கலந்து, துணியில் நனைத்து ரப்பர்மேல் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு அலசிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். வினிகர், சிட்ரிக் ஆசிட், உப்புக்கறை நீக்கி என எந்த அமிலத்தோடும் அது சேரக் கூடாது, விஷமான குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த க்ளீனரோடும் கூடாது. இதில் "கொஞ்சமாகத்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று, டிரம்மின் முதுகில் அதைத் தாங்குகிற மூன்று கால் பாகம் ஒன்று உண்டு, ஸ்பைடர் என்போம். பல மெஷின்களில் அது அலுமினியக் கலவை. சோப்புப் படிவும் குளோரினும் அதை அரிக்கும். உடைந்தால் பிழியும்போது டிரம் டமடமவென்று இடிக்கும். அதனால் வாரா வாரம் ப்ளீச் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மெஷினில் வாடை இல்லை. துண்டு காயும்போதும் வாடை இல்லை. ஆனால் குளித்துவிட்டுத் துடைத்தவுடன் துண்டு நாறுகிறது. இது என்ன மாயம்?

மாயமில்லை, மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. துவைத்த துணியில் ஈர வாடைக்கு இதுதான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். காய்ந்தாலும் அவ்வளவு சுலபத்தில் சாகாது, ஈரம் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். துண்டுகளை 60 டிகிரியில் துவையுங்கள், அல்லது ஆக்சிஜன் ப்ளீச் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். துவைத்து முடிந்ததும் ஈரத்துணியை மெஷினிலேயே இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள். காற்றோட்டமாகச் சீக்கிரம் காய வேண்டும். பாதி வீடுகளில் மெஷின்மேல் விழுகிற பழி உண்மையில் இந்தத் துண்டுகளுடையது.

கேள்வி: எங்கள் தண்ணீர் உப்பு. ஹீட்டரில் வெள்ளையாகப் படிந்திருக்கும் என்கிறார்கள். பெர்கார்பனேட் போட்டால் அதுவும் போய்விடுமா?

போகாது. அது காரம், உப்புப் படிவுக்கு அமிலம் வேண்டும். சிட்ரிக் ஆசிட் 100 கிராம் போல, காலி மெஷினில், 60 டிகிரியில் ஓட்டுங்கள். 90 வேண்டாம், அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட்டாக மறுபடி படிய வாய்ப்பு உண்டு. பெர்கார்பனேட் ஒரு நாள், சிட்ரிக் இன்னொரு நாள், ஒன்றாகப் போடாதீர்கள். தண்ணீர் வருகிற குழாயின் முனையில் ஒரு சின்ன வலை இருக்கும், குழாயை மூடிவிட்டு அதையும் எடுத்துக் கழுவுங்கள். மெஷினுக்குத் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது என்று வருகிற புகார்களில் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: சாக்கடை நாற்றம். நீங்கள் சொல்கிற எல்லாம் செய்தாயிற்று.

அப்படியானால் மெஷினை விட்டுவிட்டு, பின்னால் போகிற டிரெயின் பைப்பைப் பாருங்கள். கழிவுக் குழாய்க்குள் ரொம்ப ஆழமாகச் செருகியிருக்கலாம், அல்லது தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்கிற வளைவு அந்தக் குழாயில் இல்லாமல் இருக்கலாம். இது பிளம்பர் வேலை.

கேள்வி: துவைத்து முடித்ததும் உள்ளே ஈரம் காய, ஃப்ரண்ட் லோடு மெஷினின் கதவைத் திறந்தே வை என்கிறார்கள். வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

குழந்தைதான் முக்கியம், வாடை அப்புறம். ஃப்ரண்ட் லோடுக்குள் குழந்தை ஏறிவிடும். உள்ளே போனபின் கதவு மூடிக்கொண்டால் விபரீதம். மெஷினில் இருக்கிற சைல்டு லாக் பல மாடல்களில் பட்டன்களை மட்டும்தான் பூட்டும், கதவை அல்ல. அதை நம்பாதீர்கள். துவைத்து முடித்ததும் ரப்பரையும் கண்ணாடியையும் ஒரு துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கதவை மூடுங்கள். சோப்பு டிரேயை வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள், அந்தப் பொந்து வழியாகக் கொஞ்சம் காற்றுப் போகும். குழந்தையால் திறக்க முடியாத அறையில் மெஷின் இருந்தால், அறைக் கதவைப் பூட்டிவிட்டு மெஷின் கதவைத் திறந்து வைக்கலாம். பூனை வளர்ப்பவர்களுக்கும் இதேதான். ஓட்டுவதற்கு முன் உள்ளே ஒரு பார்வை.

கேள்வி: மெக்கானிக்கை வைத்து முழுசாகப் பிரித்துக் கழுவலாமா? வருடா வருடம் செய்யச் சொல்கிறார்கள்.

என் பிழைப்பில் நானே மண்ணைப் போடுகிறேன்: தேவையில்லை. மேலே சொன்னதை இரண்டு மூன்று முறை செய்தும் நாற்றமோ துணுக்கோ நிற்கவில்லை என்றால் பிரிக்கலாம். டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டப்போடு சேர்ந்து ஆடினால் சரி. டிரம் மட்டும் தனியாக ஆடினால், பிழியும்போது உறுமல் சத்தமும் வந்தால், பேரிங் அல்லது ஸ்பைடர் போயிருக்கிறது. எப்படியும் பிரிக்கத்தான் போகிறார்கள், அப்போது டப்பையும் கழுவச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மாடலில் வெளி டப் போல்ட்டால் இணைத்ததா, உருக்கி ஒட்டியதா என்று. இப்போது வருகிற பல மாடல்களில் ஒட்டியதுதான். அதை அறுத்துத்தான் திறக்க வேண்டும், அல்லது டப் முழுவதையும் மாற்ற வேண்டும். வெறும் வாடைக்காக அவ்வளவு தூரம் போகாதீர்கள். அந்தச் செலவு புது மெஷின் விலையில் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.